தொய்ந்துபோன ஓரங்க நாடகம்: பிரித்துப் பூட்டிய பதிவு

வேலைக்கு எடுத்துக்கொண்டது ஓர் ஓரங்க நாடகப் பிரதி. நான்கு பாத்திரங்கள், ஒரே கூடம், ஒரு மாலைப்பொழுது. வீட்டை விற்கவேண்டும், அக்கா கையெழுத்துப் போட்டால்தான் விற்கமுடியும். தம்பியோ அவளுக்குத் தெரியாமல் முன்பணம் வாங்கிச் செலவழித்தும்விட்டான். தம்பி மனைவிக்கு விஷயம் பாதி தெரியும். நான்காவது ஆள் வீடு வாங்க வருபவர். உள்ளறையில் அப்பா படுத்த படுக்கை. அவர் மேடைக்கு வருவதே இல்லை. கதையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வசனமும் மோசமில்லை. ஆனால் படிக்க நன்றாக இருந்த பிரதி, மேடை ஏறியதும் 14ஆம் நிமிடத்தில் படுத்துக்கொண்டது. 23இல் மறுபடியும்.

இப்படி ஒரு கோளாறு வந்தால் முதலில் திட்டு வாங்குவது நடிகர்: "இன்னும் கொஞ்சம் உணர்ச்சியா பேசுப்பா." அடுத்து பின்னணி இசையைக் கூட்டுவார்கள். இரண்டும் ஓட்டைப் பானைக்கு வெளியே வண்ணம் பூசுகிற வேலை. பிரதியில் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று முதலில் தெரியவேண்டும்.

அதற்கு ஒத்திகை ஒன்றை, கதை தெரியாத 15 பேரை உட்காரவைத்து ஓட்டினால் போதும். குறிப்பெடுப்பவர் மேடையைப் பார்க்கக்கூடாது. முதல் வரிசைக்குப் பக்கவாட்டில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பார்வையாளர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். இருமல், நாற்காலி கிறீச்சிடுவது, பக்கத்து ஆளிடம் குனிவது, மடியில் கைபேசி வெளிச்சம், எல்லாவற்றையும் நிமிடக் கணக்கோடு குறிக்கவேண்டும். ஒற்றை இருமல் வெறும் இருமல்தான். அரை நிமிடத்துக்குள் மூன்று வந்தால் அது விமர்சனம்.

பிறகு பிரதியை ஒரு நோட்டில் நிமிடவாரியாக எழுதி நான்கு கட்டம் போட்டோம்: மேடையில் யார் யார், பார்வையாளருக்குப் புதிதாகத் தெரிந்தது என்ன, கண்ணில் படும் பொருள் எது, மனதில் பாக்கி நிற்கும் கேள்வி எது. நான்காவது கட்டம்தான் உயிர். "அடுத்து என்ன ஆகும்?" என்று பொதுவாக எழுதினால் செல்லாது. "அக்கா அந்தச் சட்டைப்பையில் கை விடுவாளா?" என்பதுபோல, ஆம் இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வியாக இருக்கவேண்டும். 52 நிமிடப் பிரதியில் அந்தக் கட்டம் தொடர்ந்து காலியாகக் கிடந்த இடங்கள் 12–15, 22–25. இருமல் குறிப்போடு வைத்துப் பார்த்தால் அச்சு அசலாகப் பொருந்தியது.

தெரிந்ததைத் தெரிந்தவரிடம் சொல்லும் நோய்

முதல் ஒன்பது நிமிடமும் அக்காவும் தம்பியும் மட்டும். அப்பா வீட்டைக் கட்டிய கதை, அம்மா போன கதை, அக்கா திரும்பி வந்த கதை. மூன்றும் இரண்டு பேருக்குமே தெரிந்தவை. "உனக்குத் தெரியாததா அக்கா" என்ற வரி நான்கு இடத்தில் இருந்தது. எந்தப் பிரதியிலும் அந்த வரி கண்ணில் பட்டால் உடனே பென்சிலை எடுத்துவிடலாம். அதற்குப் பின்னால் வரும் பத்தி எதிரில் நிற்பவருக்காகப் பேசப்படுவதல்ல, அரங்கத்துக்காகப் பேசப்படுவது; அரங்கத்துக்கும் அது உடனே தெரிந்துவிடும்.

வாங்க வருபவரின் முதல் வருகையை 17ஆம் நிமிடத்திலிருந்து 3ஆம் நிமிடத்துக்கு இழுத்தோம். புது ஆள் கேள்வி கேட்பது இயல்பு, பதில் சொல்ல நியாயமும் உண்டு. ஆனால் கேள்வி பதில் மட்டும் போதாது; ஒரே கேள்விக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகப் பதில் சொல்லவேண்டும்.

"சுவத்துல விரிசல் இருக்கே சார்?"

"பூச்சு விரிசல்தாங்க. ஒண்ணுமில்ல," என்கிறான் தம்பி.

"அப்பா நின்னு கட்டும்போதே விழுந்தது," என்கிறாள் அக்கா.

அப்பா நின்று கட்டிய வீடு, தம்பிக்கு விற்கும் அவசரம், அக்காவுக்கு மனமில்லை. பழைய பிரதியில் இதற்கு இரண்டரைப் பக்கம் போயிருந்தது. ஒன்பது நிமிடம் ஐந்தானது. அம்மாவைப் பற்றிய பத்தி முழுசாகப் போய்விட்டது, ஒருவரும் தேடவில்லை.

உறை

மூலப் பிரதியில் முன்பண விஷயம் 31ஆம் நிமிடத்தில் வெடித்தது. அதிர்ச்சி இருந்தது, ஆனால் அதன் ஆயுள் பத்து நொடி. அதற்கு முந்தைய அரை மணி நேரமும் எதற்காகக் காத்திருக்கிறோம் என்றே தெரியாமல் சனம் உட்கார்ந்திருந்தது. ஆக, 14ஆம் நிமிட இருமலுக்கான காரணம் 14ஆம் நிமிடத்தில் இல்லை. 6ஆம் நிமிடத்தில் போட்டிருக்கவேண்டியதைப் போடாமல் விட்டதில் இருக்கிறது. தொய்வு எப்போதும் காரணத்துக்குப் பல பக்கம் தள்ளித்தான் தலைகாட்டும். தொய்ந்த இடத்திலேயே கைவைத்து நகைச்சுவை ஒன்றைச் செருகுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ (1879) நாடகத்தில் பூட்டிய கடிதப்பெட்டி ஒன்று இருக்கிறது. கதாநாயகி நோராவுக்குக் கடன் கொடுத்த கிரோக்ஸ்டாட் போட்ட கடிதம் அதற்குள் கிடக்கிறது, சாவி அவள் கணவனிடம். அதில் என்ன இருக்கிறது என்று நோராவுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அவன் பெட்டிப் பக்கம் போகாமலிருக்க அவள் வெறிபிடித்தாற்போல் நடனமே ஆடுகிறாள். அந்தப் பெட்டி திறக்கும்வரை இருக்கையை விட்டு யார் எழுவார்? ரகசியத்தைப் பார்வையாளரிடமிருந்து மறைப்பதைவிட, பார்வையாளரைக் கூட்டாளியாக்கி மேடையில் இருப்பவரிடம் மறைப்பது நெடுநேரம் தாங்கும்.

அதன்படி, தம்பி 6ஆம் நிமிடத்தில் தனியாக இருக்கும்போது முன்பண ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்கிறான். காலடிச் சத்தம் கேட்டதும் ஆணியில் தொங்கும் தன் சட்டையின் பைக்குள் செருகுகிறான். எழுதும்போது கச்சிதமாக இருந்தது. ஓட்டிப் பார்த்ததில், நாடகம் முடிந்து கேட்டபோது பின்வரிசைக்காரர்கள் "எந்தச் சட்டை?" என்றார்கள்.

காரணங்கள் ஒன்றல்ல. நான்காக மடித்த வெள்ளைத்தாள் எட்டாவது வரிசையிலிருந்து பார்த்தால் கைக்குட்டைபோல இருந்தது. அவன் செருகும் அதே நேரத்தில் மனைவி மறுகோடியிலிருந்து பேசிக்கொண்டே வந்தாள். கண் எப்போதும் நகர்பவர் பக்கமும் பேசுபவர் பக்கமும்தான் போகும். ஆணியோ பின்சுவரின் மூலையில் இருந்தது. இப்படி மாற்றினோம். தாளுக்குப் பதில் நீளமான பழுப்பு உறை, பைக்குமேல் நாலு விரற்கிடை நீட்டிக்கொண்டு நிற்கும்படி. சட்டை அடர்நீலம், சுவர் வெளிர்நிறம். உறையை மார்பு உயரத்தில் பிடித்து மூன்று நொடி, அந்த மூன்று நொடியும் மேடையில் வேறு எதுவும் அசையாது, யாரும் பேசமாட்டார்கள். செருகுவதற்கு முன் அவன் உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்க்கிறான். அது கள்ளத்தனம் என்று சொல்ல அந்தப் பார்வை போதும், வசனம் வேண்டாம். ஆணியை உள்ளறைக் கதவின் நிலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தோம். அப்பாவைப் பார்க்கப் போகிற எவரும் இனி அந்த உறையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

இந்தக் கடைசி மாற்றம் செட் போடுபவர் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. ஆணி எங்கே என்பது கதை. காட்சித் தலைப்பிலேயே நாடகாசிரியர் எழுதிவிடவேண்டும்.

மேடைச் சுவரில் துப்பாக்கியை மாட்டினால் அது வெடிக்கவேண்டும் என்ற ரஷ்ய நாடகாசிரியர் செகாவின் பேச்சு எல்லாருக்கும் மனப்பாடம். மாட்டுவதற்கும் வெடிப்பதற்கும் நடுவே ஒருமுறை ஞாபகப்படுத்தவேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். இங்கே முதலில் தம்பி சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துக்கொள்வதாக எழுதியிருந்தது. கேவலமாக இருந்தது; ‘மறந்துடாதீங்க’ என்று நாடகாசிரியரே வந்து தோளைத் தட்டுகிற மாதிரி. ஞாபகப்படுத்தும் செயலுக்கு அதற்கேயான சொந்தக் காரணம் இருக்கவேண்டும். 14ஆம் நிமிடத்தில் தம்பி மனைவி துவைக்க அழுக்குத்துணி சேர்க்கிறாள். துண்டு, வேட்டி, அடுத்து ஆணியிலிருந்து அந்தச் சட்டை.

"அத விடு. நாளைக்குப் போட்டுக்கணும்."

"அழுக்கா இருக்கு."

"விடுன்னு சொன்னேன்ல."

அவள் உறையைப் பார்க்கிறாள், அவனைப் பார்க்கிறாள், சட்டையைத் திரும்ப மாட்டுகிறாள். உறை இருக்கும் பக்கம் சுவரோடு ஒட்டும்படி திருப்பி மாட்டுகிறாள். அவளும் கூட்டு என்பது அந்தத் திருப்பலில் தெரிகிறது. மொத்தம் இருபது நொடி வேலை. இருமல் குறிப்பில் 12–15 அதோடு சுத்தமானது.

கதவுக்குப் பின்னால்

அப்பாவைப் பற்றி மூலப் பிரதி நிறையப் பேசியது, ஆனால் அவர் இருப்பதாகவே தோன்றவில்லை. சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுவரலாமா என்று ஒரு யோசனை. அதைத் தள்ளியது நல்லதாயிற்று. கண்ணுக்குத் தெரிந்த அப்பா நோயாளி, தெரியாத அப்பா நீதிபதி. மறைப்பதும் மேடைக்கணக்கில் சேர்ந்ததே. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை மேடையின் நீள அகலத்தை எண்ணிச் சொல்லும் அதே மூச்சில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரையையும் சொல்லிவிடுகிறது.

அப்பாவுக்குக் கொடுத்தது ஒரு கைத்தடி. தேவைப்பட்டால் தரையில் மூன்று தட்டு.

பதிவுசெய்த சத்தம் முதலிலேயே தோற்றது. ஒலிபெருக்கி அரங்கத்தின் இரு ஓரத்தில் இருக்கிறது, கதவு மேடையின் நடுவே இருக்கிறது. தட்டல் கேட்டதும் தலைகள் ஓரம் பார்த்துத் திரும்பின. உண்மைத் தடியால் உண்மையாகத் தட்டவேண்டும். கான்கிரீட் தரையில் தட்டினால் சத்தம் செத்துப்போகிறது. 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றை இரண்டு மரக்கட்டைமேல் ஏற்றி, அடியில் காற்று இருக்கும்படி வைத்துத் தட்டினால் பின்வரிசை வரை போகும். தட்டுக்கும் தட்டுக்கும் ஒரு நொடி.

அடுத்த தவறு எழுத்தில். முதல் தட்டல் வசனத்துக்கு நடுவே விழுந்தது, பாதிப் பேர் ஏதோ பின்னால் சாமான் விழுந்தது என்று எடுத்துக்கொண்டார்கள். புதிய சத்தம் ஒன்றைக் கொண்டுவரும்போது அதன் பொருளைக் கற்றுக்கொடுக்கவேண்டும். 4ஆம் நிமிடத்தில் பேச்சு தானாக ஓய்ந்த ஒரு கணத்தில் மூன்று தட்டு. அக்கா "வந்துட்டேன்ப்பா" என்று தண்ணீர்ச் செம்போடு உள்ளே போகிறாள். இனி விளக்கம் வேண்டாம். 15இல் தட்டும்போது அவள் போகத் தாமதிக்கிறாள். 24இல் இரண்டே தட்டு, மூன்றாவது வரவில்லை. பழைய 22–25 தொய்வு நின்றது இந்த வராத மூன்றாவது தட்டலால்தான். அதற்காக எழுதிய புதிய வசனம் பூஜ்யம்.

ஒரு தட்டலுக்கு எவ்வளவு கனம் ஏறும் என்பதற்குப் பழைய சாட்சி ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’. கொலை முடிந்த கையோடு கோட்டைக் கதவு தட்டப்படுகிறது. ஆங்கிலக் கட்டுரையாளர் தாமஸ் டி குவின்சி 1823இல் அந்தத் தட்டலைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார்.

38ஆம் நிமிடம். கையெழுத்துப் பத்திரம் மேசைமேல். தட்டல் வரவேண்டிய நேரம், வரவில்லை. பிரதியில் "(மௌனம்)" என்று மட்டும் இருந்தது. அது யாருக்கும் உதவாத குறிப்பு: ஒரு நாள் நடிகர்கள் நாலு நொடியில் அடுத்த வசனத்துக்கு ஓடினார்கள், மறுநாள் பன்னிரண்டு நொடி இழுத்தார்கள், யாரோ வசனம் மறந்துவிட்டார் என்று பின்வரிசையில் சிரிப்பு. மௌனத்தைச் செயலாக எழுதினோம்: "அக்கா துண்டை நீளவாக்கில் மடிக்கிறாள். மறுபடி மடிக்கிறாள். மூன்றாவது மடிப்பில் கை நிற்கிறது. கதவைப் பார்க்கிறாள்." தினமும் ஏழு நொடிக்கு முன்பின் ஒரு நொடி. எண்ணவேண்டிய அவசியம் யாருக்குமில்லை.

வினையைப் பிடித்து நிறுத்துவது

தமிழில் எழுதுபவருக்குக் கையிலேயே ஒரு கருவி கிடக்கிறது, பலர் அதைத் தொடுவதில்லை. உண்டா இல்லையா என்பது நம் வாக்கியத்தில் கடைசியில்தான் வரும். "இந்தப் பத்திரத்துல நான் கையெழுத்துப் போட" என்பதுவரை சொல்லியாகிவிட்டது; "றேன்" வருமா "மாட்டேன்" வருமா என்று மேடையில் இருப்பவருக்கும் தெரியாது, கீழே இருப்பவருக்கும் தெரியாது. மூலப் பிரதியில் அக்கா, "மாட்டேன்! கையெழுத்துப் போடமாட்டேன்!" என்று முதல் சொல்லிலேயே பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள்.

24ஆம் நிமிடத்தில் இப்படி வைத்தோம்:

"நீ கேக்கறதுக்காக, இந்தப் பத்திரத்துல நான் கையெழுத்துப் போட..."

(உள்ளிருந்து தட்டு. தட்டு. மூன்றாவது இல்லை.)

"அண்ணி, மாமா கூப்பிடறாரு," என்கிறாள் தம்பி மனைவி.

அக்கா எழுந்து போகிறாள். தொங்கிய அந்த வினை முடிவதற்கு எட்டு நிமிடம் ஆகிறது. ஒத்திகையில் கவனிக்கவேண்டியது ஒன்றுதான். "போட" என்று சொல்லிவிட்டு நடிகை தானே நிறுத்திக் காத்திருந்தால் வித்தை வெளியே தெரிந்துவிடும். அவள் முழுவாக்கியத்தையும் சொல்லப்போகிற வேகத்தில் போகவேண்டும், தட்டல் குறுக்கே வந்து வெட்டவேண்டும். எனவே தடி வைத்திருப்பவருக்கு க்யூ, அதாவது கையை ஓங்கச் சொல்லும் அடையாளச் சொல், "போட" அல்ல, "கையெழுத்து". அதைக் கேட்டுக் கையை ஓங்கினால்தான் "போட" முடியும்போது தடி தரையில் விழும். ஒரு நாடகத்தில் இதை ஒருமுறை செய்யலாம். இரண்டாம் முறை செய்தால் நக்கல் சிரிப்பு வரும்.

சிரிப்பு என்றதும் இன்னொன்று. தம்பியும் வாங்க வருபவரும் பேசும் இடத்தில் நல்ல சிரிப்பு ஒன்று விழுந்தது. அதற்கு அடுத்த வரியில்தான் "ஏழு மணிக்கு மறுபடி வரேன்" என்ற தகவல். சிரிப்பில் அது கரைந்துபோனது, பிறகு ஏழு மணிக்கு அவர் வந்தபோது ஏன் வந்தார் என்று புரியவில்லை. நடுவே போனால் போகட்டும் என்கிற மாதிரி ஒரு வரி, "கதவு உள்பக்கமாத் தெறக்குதே" என்று போட்டுத் தகவலை ஒரு வரி தள்ளினோம்.

மேடையில் ஓடும் சுவர்க்கடிகாரம் இருந்தது, எடுத்துவிட்டோம். நாடகம் பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கினால் அது பொய் சொல்லும், பார்வையாளருக்கும் வீட்டு ஞாபகம் வரும். ஏழு மணி நெருங்குவதைச் சன்னல் வெளிச்சம் பொன்னிறத்திலிருந்து மெல்ல நீலமாவது காட்டட்டும்.

இருட்டு

மூன்று காட்சி மாற்றம், ஒவ்வொன்றும் நாற்பது நொடி முழு இருட்டு. ஒவ்வொரு இருட்டிலும் அரங்கம் பேசத் தொடங்கியது. வெளிச்சம் வந்தபின் மறுபடி அமைதியாக அரை நிமிடம். நடிகர் பேசும் முதல் நான்கு வரி யாருக்கும் போய்ச் சேரவில்லை. விளக்கு பட்டென்று அணைந்தால் கைதட்டலும் வரும், முடிந்துவிட்டது என்ற எண்ணத்தில். நடுவில் வாங்கும் கைதட்டல் நாடகத்துக்கு நஷ்டம்.

இரண்டு மாற்றம் தேவையே இல்லை என்று தெரிந்தது. நாற்காலி நகர்த்த மட்டும் இருட்டு போட்டிருந்தார்கள்; அந்த நாற்காலியைத் தம்பி மனைவி கூட்டிப் பெருக்கும்போதே நகர்த்திவிடுகிறாள். மிச்சமிருந்த ஒன்றில் எல்லா விளக்கும் ஆறு நொடியில் இறங்குகிறது, ஆணிச்சட்டைமேல் மட்டும் ஒரு சின்ன வட்டம் நிற்கிறது. எட்டு நொடி. மற்ற வேலை அந்த அரையிருட்டில் நடக்கிறது, கண்கள் எல்லாம் சட்டைமேல். விளக்குக்காரர் ஸ்பாட்டைச் சட்டைக்கு நேராகப் போட்டார், உறை கூசிப்போய்த் தெரியவில்லை. பக்கவாட்டிலிருந்து போட்டதும் உறையின் விளிம்பு நிழலோடு எழுந்து நின்றது.

வேலை முடிந்தபின் நாடகம் 43 நிமிடம். முழுக்கத் தேறிவிடவில்லை. 33 முதல் 35 வரை, வாங்க வருபவர் மறுபடி வரும் இடம் இன்னும் கனக்கிறது. தெரியவேண்டிய எல்லாவற்றையும் அவர் முதல் வருகையிலேயே வாங்கிவிட்டார், இப்போது அவரிடம் எந்தக் கேள்வியும் பாக்கியில்லை. அவரைக் கூடத்துக்குள் விடாமல் வாசற்படியிலேயே நிறுத்தியது ஓரளவுக்கு உதவியது: கதவு அரைவாசி திறந்திருக்கிறது, குரலும் நிழலும் மட்டும் உள்ளே, தம்பி உடம்பால் வழியை மறைத்துக்கொண்டு தணிந்த குரலில் பேசுகிறான். அக்காவுக்கு எவ்வளவு கேட்டது என்பது கேள்வியாயிற்று. இன்னும் ஒரு நிமிடம் வெட்டவேண்டும்.

கடைசியில் அக்கா உறையைக் கிழிக்கிறாள். மெல்லிய உறை சத்தமே போடாமல் கிழிந்தது, அதனால் தடித்த பழுப்புத்தாள். அது இரண்டு முறை கிழியாமல் கையோடு மல்லுக்கு நின்றது. மேல்விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் வெட்டுப் போட்டு, அந்த வெட்டு நடிகையின் வலதுகைப் பக்கம் வருமாறு சட்டையில் வைக்கவேண்டும். தம்பி மனைவி சட்டையைத் திருப்பி மாட்டும்போது பக்கம் மாறும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பண்ணவேண்டும். காட்சிக்கு ஓர் உறை போகும். ஒத்திகைக்கும் சேர்த்து இருபது, எல்லாவற்றிலும் வெட்டு முன்பே போட்டு, பொருள்பெட்டியில்.